வலது காலுக்கு மட்டும் தேன்

படூரைத் தாண்டி கேளம்பாக்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு பேருந்துகள் வந்தன. இரண்டிலும் உட்கார இடம் இருந்தது. நான் கை காட்டவில்லை. பதினோரு மணி வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தாலும் நடக்க நன்றாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு இதே சாலையில் ஒரு பைக்கின் பின்னால் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு, கத்தவும் வெட்கப்பட்டுக்கொண்டு போனவன் நான். இப்போது அதே கால்களில், அவற்றைச் சரிசெய்து கொடுத்தவர்களிடமிருந்தே தப்பித்துப் போய்க்கொண்டிருந்தேன்.

தோளில் பை இருந்தது. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, சீப்பு. எங்கே போனாலும் அந்தப் பையோடுதான் போவேன், ஆஸ்பத்திரிக்குக்கூட. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அப்படித்தான். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் பாலீஷ் போட்டிருக்கிறேன். இறால் பண்ணையில் ராக்காவல் இருந்திருக்கிறேன். லாரியில் கிளீனராகப் போய் வந்திருக்கிறேன். செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இரண்டு மாதம் படுத்திருக்கிறேன். அங்கே கொசுவைத் தவிர வேறு தொல்லை இல்லை. எந்த இடத்திலும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டியதும் இல்லை. ஏதாவது ஒரு விஷயம் சிக்கலாகும். உட்கார்ந்து அவிழ்ப்பதைவிட எழுந்து போவது எனக்குச் சுலபம்.

அன்றைக்கு என்னை எழுந்து நடக்க வைத்தது ஒரு போட்டோ. என் கால்களின் போட்டோ.

கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், கடற்கரைச் சாலையில் ஒரு பாயின் பிரியாணிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அண்டாவை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சாய்த்து, கஞ்சியை வடித்துவிட்டு, பிறகு மசாலாவில் கொட்டி தம் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வடிக்கும்போது எதிர்ப்பக்கம் பிடித்தவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. கொதிக்கும் கஞ்சி என் இரண்டு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே விழுந்தது. பாய் ஓடி வந்து என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, யாரும் எதையும் பூசக்கூடாது என்று சத்தம் போட்டார். அரை மணி நேரம் தண்ணீர் ஓடியது. பிறகு பைக். தும்மியவன் அன்று முழுக்க அழுதான் என்று பிறகு சொன்னார்கள். நான் அழவில்லை. எனக்கு அதற்கு நேரம் இல்லை, வலி இருந்தது.

படூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் கல்லூரிகள், கல்லூரிக்குள் ஆஸ்பத்திரிகள். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே தீக்காயப் பிரிவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு டாக்டரம்மா என் கால்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் பொருந்திவிட்டது போல முகம் மலர்ந்தது. பிறகு அது தவறு என்று தோன்றியிருக்க வேண்டும்; முகத்தைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப வலிக்கிறதா அண்ணா என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவர் ஒரு புது மருந்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காயத்தை ஆற்றும், தழும்பையும் குறைக்கும் என்று நம்புகிற மருந்து. ஆனால் நம்பிக்கை போதாது, நிரூபிக்க வேண்டும். ஒருவருடைய தோல் போல இன்னொருவருடைய தோல் இருக்காது. ஒரே ஆளின் இரண்டு கால்களில், ஒரே நேரத்தில், ஒரே அளவில் காயம் பட்டால் ஒன்றுக்கு மருந்தும் மற்றொன்றுக்கு மருந்து கலக்காத வெறும் ஜெல்லும் போட்டு ஒப்பிடலாம். அப்படி ஒரு ஆள் லேசில் கிடைக்க மாட்டான். நான் கிடைத்தேன்.

ஏழு பக்கக் காகிதத்தை அவரே உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். வேண்டாம் என்றாலும் வழக்கமான வைத்தியம் உண்டு, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று மூன்று முறை சொன்னார். மருந்து என்ன என்று கேட்டேன். குழந்தை பிறந்ததும் வெட்டும் தொப்புள்கொடியில் ஸ்டெம் செல் என்று ஒரு வகை செல் இருக்கிறதாம். என்ன வேலைக்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யாத செல். கேட்டதும் எனக்கு அதைப் பிடித்துப்போனது. அந்த செல்லை அப்படியே போடுவதில்லை. அதை வளர்த்தால் அது மிகச் சின்னப் பைகளை வெளியே விடும். ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் நிற்குமளவு சின்னவை. அவற்றுக்கு எக்சோசோம் என்று பெயர். அந்தப் பைக்குள் மற்ற செல்களுக்கான தகவல் இருக்கும்: வீக்கத்தைக் குறை, தோலை வளர், போதும், நிறுத்து. தோல் ஆறும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வளர்ந்துகொண்டே போனால்தான் தடித்த தழும்பு வருகிறது என்றார்.

கூட வந்திருந்த பாய்க்கு ஒரு சந்தேகம். யாருடைய குழந்தையின் கொடி, அவர்களைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா என்று கேட்டார். தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என்றார் டாக்டரம்மா. “அப்ப சரி” என்றார் பாய். நானும் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே மருந்து வைத்துக் கட்டுப் போட்டார்கள். புண் மூடியதும் தழும்புக்காக இரண்டு டியூப் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிவப்புப் பட்டை போட்டது வலது காலுக்கு, நீலப் பட்டை இடது காலுக்கு. இரண்டு வேளையும் பூச வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தீர்ந்தால் புதியதைக் கொண்டுவந்து கொடுக்க ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் மொபெட்டில் வருவான். எதில் மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஒட்டி வைத்த ஒரு கவரில், வேறு ஒருவரிடம் அந்த விவரம் இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “எனக்குத் தெரிஞ்சா என் கண்ணு அந்தக் காலைத்தான் நல்லா இருக்குன்னு பாக்கும் அண்ணா” என்றார். படித்தவர் ஒருவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டது எனக்குப் புதிதாக இருந்தது.

வீடு என்று சொன்னேனே, அது பாயின் வீடு. கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகள் வைக்கும் அறையைக் காலி செய்து எனக்குக் கட்டில் போட்டிருந்தார். என் இரண்டு டியூப்களும் பாயின் மனைவி பாயம்மாவின் ஃபிரிட்ஜில் தயிருக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் நடுவில் குடியேறின. கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எந்த டியூப்பில் மருந்து என்று பந்தயம் கட்டினார்கள். தினமும் மாலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நடுவில் உட்கார, தம் போடுகிறவர், பரோட்டா மாஸ்டர், தும்மியவன் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். இடது காலில் அரிப்பு அதிகமாக இருந்தது. அரித்தால் மருந்து வேலை செய்கிறது என்று பரோட்டா மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். வலது காலில் அரிப்பே இல்லை. ஆகவே வலது கால் ஏமாற்றப்படுகிறது என்று முடிவாகியது.

இதைப் பாயம்மாவால் தாங்க முடியவில்லை. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். இப்போது இருவரும் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் ஒரு முட்டைதான் இருந்தால் அதை இரண்டாக வெட்டி, மஞ்சள் கரு எந்தப் பாதியில் அதிகம் என்று பார்த்து, கரண்டி நுனியால் எடுத்துச் சமமாக்கி வைப்பாராம். இதைப் பாயே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“ஒரு காலுக்கு மருந்து, இன்னொரு காலுக்கு வெறும் தண்ணியா? இன்னா நியாயம் இது தம்பி? ரெண்டும் ஒன் காலுதானே?” என்றார் பாயம்மா.

அப்படித்தான் செய்ய வேண்டுமாம் என்று சொன்னேன். படித்தவர்களுக்கு ஓரவஞ்சனை செய்யத் தெரியுமா என்று அவர் வியந்தார். மறுநாள் காலை ஒரு கிண்ணத்தோடு வந்தார். தேன், அதில் கருஞ்சீரக எண்ணெய். நான் டியூப்பைப் பூசிக்கொண்டு அரை மணி நேரம் ஆனதும் வலது காலுக்கு மட்டும் அதைப் பூசிக்கொள்ளச் சொன்னார். இடது காலை டாக்டரம்மா பார்த்துக்கொள்வார், வலதுக்கு நான் பொறுப்பு என்றார். நான் மறுக்கவில்லை. எத்தனையோ வருடமாக என்னை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. தவிர, உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த வலது காலைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். போகும்போது சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போவேன். டாக்டரைப் பார்க்கப் போகிறவன் வேறெப்படிப் போவான். காகிதத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார்: வேறு ஏதாவது மருந்து போட்டீர்களா? இல்லை மேடம் என்பேன். முதல் தடவை சொன்னது பொய்யில்லை. சமையலறையிலிருந்து வருவதை மருந்து என்று நான் நினைத்ததில்லை. இரண்டாவது தடவை சொல்லும்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தே சொன்னேன். அதற்குப் பிறகு அது பழகிவிட்டது.

அன்று காலை கடைசிப் பரிசோதனை. விளக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துப் படம் எடுத்தார். இடது கால் பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் செம்மண் வரப்பு மாதிரி கொஞ்சம் தூக்கியிருந்தது. வலது காலில் காயம் பட்ட இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டரம்மா பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று வருடமாக இதே வேலையாக இருப்பதாக ஒருமுறை சொல்லியிருந்தார். நான் போகும்போதெல்லாம் மேசை ஓரத்தில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருக்கும். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எது எதுன்னு கவர் பிரிச்சாதான் தெரியும். ஆனா இந்தக் கால்தான் அண்ணா மீட்டிங்ல நான் காட்டப்போற மொத படம்” என்றார்.

சிவப்பு டியூப்பில் வெறும் ஜெல் இருந்திருந்தால், மருந்து போட்ட காலைவிடப் போடாத கால் நன்றாக இருக்கிறது என்று அவருடைய மூன்று வருடத்துக்கு ஒரு அடி விழும். சிவப்பில் மருந்து இருந்திருந்தால் பாயம்மாவின் தேனுக்கும் சேர்த்து மருந்து பெயர் வாங்கும், அதைப் படம் போட்டு நாலு ஊர் டாக்டர்களுக்குக் காட்டுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்தப் படம் பொய். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேன்டீனைத் தாண்டினேன். கேட்டைத் தாண்டினேன்.

கேளம்பாக்கம் சந்திப்பில் இடது பக்கம் திரும்பினால் கோவளம், பாயின் கடை. வலது பக்கம் திரும்பினால் வண்டலூர், அங்கிருந்து ஊரப்பாக்கம் ஸ்டேஷன், செங்கல்பட்டு வண்டி, அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும். வலது பக்கம் திரும்பினேன்.

புதுப்பாக்கம் தாண்டியதும் புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. கடையில் ஒரு அக்கா மட்டும் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, வெயிலுக்கு லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் என் கால்களைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, ரெண்டு காலும் ரெண்டு ஆளுதா?”

சிரித்துவிட்டேன். கஞ்சி கொட்டிய கதையைச் சொன்னேன்.

“இன்னா போட்ட?” என்றார்.

யோசிக்கவே இல்லை. “வலதுக்குத் தேனும் கருஞ்சீரக எண்ணெயும்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டரம்மா அத்தனை தடவை கேட்டும் வாயில் வராதது, பெயர் தெரியாத ஒருவரிடம் டீ கைக்கு வருவதற்குள் வந்துவிட்டது.

அவர் இடது கைப் புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்து, கயிறு முறுக்கியது போல ஒரு தழும்பு. பாய்லர் குழாய் பிய்த்துக்கொண்டு ஆவி அடித்ததாம், இரண்டு வருடம் ஆகிறது. கை முழுசாக நீளாது. ராத்திரி அரிப்பில் தூக்கம் வராது. தேனும் போட்டாயிற்று, எண்ணெயும் போட்டாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. என் வலது காலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு விரலால், சட்டிச் சூடு பார்க்கிறவர் போலத் தொட்டார்.

வேறு ஏதோ போட்டிருக்கிறாய் என்றார். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்புள்கொடி, சின்னப் பைகள், சிவப்பு நீலம், கவர், பாயம்மா. அவர் டீக் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் கெடக்கட்டும். அந்த மருந்து கேக்குதா இல்லியா? அத்த சொல்லு. நானும் போயிப் பாக்கறேன்.”

“தெரியலக்கா.”

“டாக்டருக்கு?”

“அவங்களுக்கும் தெரியாது. கவர்ல கீது.”

“கவரப் பிரிச்சா தெரிஞ்சிடும்ல?”

“இனிமே பிரிச்சாலும் தெரியாது. நான்தான் தேன் பூசிட்டனே.”

அவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். கோபம் எதுவும் இல்லை, விலை சொல்லுகிற குரலில்தான் சொன்னார்.

“அப்ப ஒன் காலப் பாத்துத்தான் என் கைக்கு பதில் சொல்லுவாங்கோ. நீ அத்தக் கெடுத்துட்டு ரயிலேறப் போய்கினு கீற. நல்லா கீது போ.”

ஒரு போண்டாவைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன். சூடாக இருந்தது, உப்பு கொஞ்சம் கம்மி. மற்ற ஊர்களில் நான் விட்டுவிட்டு வந்த சிக்கல்கள் யாருடைய கையைப் போய்ச் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. இந்த ஒன்று கண்ணெதிரில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தது. எழுந்து சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கேளம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோ வந்தது. இந்தத் தடவை கை காட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், சாப்பிட ஆரம்பிக்கவில்லை. டீ குடிக்க எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, எத்தனை நாள் என்றார். இரண்டு மாதம் என்றேன். தினமுமா என்றார். இரண்டு வேளையும் என்றேன். ஏன் வலது காலுக்கு மட்டும் என்று கேட்டார். இரட்டைப் பிள்ளைகளையும் முட்டையையும் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது கண்ணாடி மட்டும் கோணலாக இருந்தது.

“எனக்கு ரொம்பக் கோவம் வருது அண்ணா. கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பை மடியில் இருந்தது. வாசல் பத்தடி தூரத்தில் இருந்தது. அதே ஆராய்ச்சிக்கு வரும் இன்னும் மூன்று பேர் பெஞ்சில் இருந்தார்கள், எனக்கு முன்பே பழக்கம்தான். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையில் பட்டுக்கொண்டவர். அவருக்கு ஒரே தழும்பில் பாதிக்குச் சிவப்பு, பாதிக்கு நீலம். அதில் ஒரு பாதிக்குக் கூடுதலாக என்ன பூசுகிறார் என்று போன மாதமே என்னிடம் சொல்லியிருந்தார். இன்னொரு அம்மாவும் சொல்லியிருந்தார். அந்தப் பெஞ்சில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். கதவைத் தாண்டினால் இல்லை மேடம்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. படித்தவரிடம் போய்க் கத்தாழை பூசினேன் என்று சொல்ல ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். டப்பா காலியாகியிருந்தது. என் கால்களைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். நடந்தது அப்படியே இருந்தது, தேன், கருஞ்சீரக எண்ணெய், வலது, இரண்டு வேளை. இனி என் கால்களை வைத்து மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார்கள். முதல் படம் வேறு யாருடையதாவது இருக்கும். கேட்க எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. என் உடம்பில் படம் எடுக்கத் தகுந்தது என்று யாராவது சொன்ன ஒரே இடம் அது.

கிளம்பும்போது சொன்னேன், யார் பெயரையும் சொல்லாமல்: மேடம், நீங்கள் மருந்து போட்டீர்களா என்று கேட்கிறீர்கள், இல்லை என்கிறார்கள். வீட்டில் என்ன பூசினீர்கள் என்று கேளுங்கள். அதையும் இந்த அறையில் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

அவர் பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார். “யாரு போறது?” என்றார்.

அன்று மாலை பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். பாயம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடிவிட்டது. தேனில் என்ன தப்பு என்று கேட்டார். தேனில் தப்பில்லை, ஒரு காலில் மட்டும் பூசியதுதான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப ரெண்டு காலுக்கும் பூசியிருந்தா சமமா இருந்திருக்கும்ல?”

டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு கேட்டேன். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் அதுகூடப் பரவாயில்லை என்றார் டாக்டரம்மா. பாயம்மாவுக்கு இன்றுவரை அதில் பெருமை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். டியூப்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் போன வாரம் நின்றுவிட்டான்; டாக்டரம்மா அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். ஒரு பழைய மொபெட், முதுகில் மாட்டிக்கொள்ளும் நீலக் குளிர்பெட்டி, உள்ளே ஐஸ் பொட்டலங்கள், நடுவில் சிவப்பும் நீலமுமாக டியூப்கள், ஒரு நோட்டு. வேலை மூன்று மாதத்துக்கு. நான் எங்கேயும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்ததில்லை என்று முன்கூட்டியே சொன்னேன். மூன்று மாதம் இருந்தால் போதும் அண்ணா என்றார். மருந்து நல்லது என்றும் சொல்லக்கூடாது, கெட்டது என்றும் சொல்லக்கூடாது. யாரையும் திட்டக்கூடாது. கேட்பதை எழுதிக்கொண்டு வர வேண்டும். புதுப்பாக்கத்து அக்காவைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருடத் தழும்பு இந்த ஆராய்ச்சியில் வராது, ஆனால் கை நீளுவதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது, புதன்கிழமை வரச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் பையைப் பாய் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். முதுகில் பெட்டி இருக்கும்போது அதை மாட்ட இடமில்லை.

முதல் வீடு திருவிடந்தையில், கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. பெஞ்சில் பார்த்த அதே ஆட்டோக்காரர். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா மச்சான், டாக்டராயிட்டியா?”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய சம்சாரம் டீ கொண்டுவந்தார். பழைய டியூப்களை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தேன். நோட்டைத் திறந்து தேதி போட்டேன். வேறு மருந்து எதுவும் போடவில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் நோட்டை மூடி வைத்துவிட்டு லுங்கியை முழங்கால் வரை தூக்கி, இரண்டு கால்களையும் அவருக்கு முன்னால் நீட்டினேன்.

“நான் இதுல தேன் பூசினேன். மேடம்கிட்ட சொல்லிட்டேன். நீ இன்னா பூசிகினு கீற?”

அவர் என் வலது காலைப் பார்த்தார். பிறகு சம்சாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா சமையலறைக்குள் போய், மூடி துருப்பிடித்த ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து, என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.